ஏட்டம்மா முதலில் சுடுவார்

ஏட்டம்மா எதையும் முதலில் தன் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. என் மகள் அபிநயாவுக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் டப்பாவில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். முன்பின் தெரியாத அந்த அம்மாள் டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு கவளம் எடுத்துச் சாப்பிட்டார். மென்றுவிட்டு எதிரே இருந்த பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டப்பாவை அபியிடம் நீட்டி, "ம், சாப்புடு ஆத்தா" என்றார். பசியோடு இருந்தார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பசியில்லை. துப்பாக்கி சுடும் அந்த இடத்தில் தண்ணீர் கேன் வந்தாலும் முதல் டம்ளர் அவருடையது. புதிதாக வாங்கிப்போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் முதலில் உட்கார்ந்து ஆட்டிப்பார்ப்பதும் அவர்தான். காரணம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வார். ஆயுதப்படை முகாமில் மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஒரு கம்பெனி போலீஸே படுத்துவிட்டது என்று ஒருநாள் சொன்னார். இன்னொரு நாள், வீட்டில் மூத்த பெண்ணாகப் பிறந்தால் அப்படித்தான் என்றார். எது உண்மை என்று நாங்கள் யாரும் தோண்டவில்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் எங்களில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. ஆயுதப்படையில் தலைமைக் காவலராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். சர்வீஸில் பெரும்பகுதியை ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போட்டே கழித்தவர். குள்ளமான, அகலமான உடம்பு. நூல் சேலைக்குக் கீழே எப்போதும் காக்கி நிறக் கேன்வாஸ் ஷூ. எங்கள் ரைஃபிள் கிளப்பில் தோட்டாக்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

கிளப் என்றதும் பெரிதாக எதையும் நினைக்கவேண்டாம். அன்னவாசலுக்கும் குளத்தூருக்கும் நடுவே, தைலமரக் காட்டைத் தாண்டி, கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. வெட்டி நிறுத்திய பாறைதான் பின்சுவர். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பூட்டிய அறை, தரையில் சுண்ணாம்பால் போட்ட வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு என் மகள் வெகுதூரத்தில் இருக்கும் அட்டையைச் சுடுவாள். பள்ளியில் என்.சி.சி.யில் ஆரம்பித்தது. கல்லூரிக்குப் போன பிறகும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்கூட்டியில் அவளை அழைத்துப்போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முடியும்வரை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருப்பது என் வேலை. அவள் அப்பா குவைத்தில் இருக்கிறார். "புள்ளைய அது இஷ்டத்துக்கு விடு" என்று போனில் சொல்வது அவருக்குச் சுலபம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். மூடிய கூட்டுக்குள் வாயு விரிந்தால் என்ன ஆகும் என்பதை வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதுகிறவளுக்குப் பயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ரைஃபிளின் கட்டையில் அபி கன்னத்தைச் சாய்க்கும்போது, தோட்டா வெடிக்கிற இடத்துக்கும் அவள் கண்ணுக்கும் இடையில் ஒரு கையகலம்கூட இருக்காது. அங்கே குறுக்கே நிற்பது போல்ட் என்கிற ஓர் இரும்புத் தாழ்ப்பாள் மட்டும்தான். அந்தத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டுதான் நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பயத்துக்கு எனக்கிருந்த ஒரே மருந்து ஏட்டம்மா. கடையில் வரும் தோட்டா பயிற்சிக்குப் போதாது. சுட்டபின் வெளியே விழும் பித்தளைக் கூட்டை, அதைக் கேஸ் என்பார்கள், மறுபடி நிரப்பித்தான் பயிற்சிக்குச் சுடுவார்கள். கிளப்புக்கு அதற்கு அனுமதி உண்டு. ஏட்டம்மா பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து நிரப்புவார். நிரப்பிய ஒவ்வொரு தொகுதியிலும் முதல் பத்தை அவரே படுத்துச் சுடுவார். அவர் சுட்டு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "வா ஆத்தா" என்று சொன்னால்தான் அபி படுக்கலாம்.

அந்த மழைக்காலத்தை மறக்க முடியாது. கண்மாய் நிறைந்து, நாங்கள் போகும் பாதையில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நாலைந்து வண்டிகள் நின்றன. கிளப் செகரட்டரியின் ஜீப்பிலிருந்து ஏட்டம்மா இறங்கினார். செகரட்டரி கந்தர்வக்கோட்டையில் முந்திரி வியாபாரம் செய்கிறவர், நிதானமான மனிதர். "இருங்க ஏட்டம்மா, யாராச்சும் உள்ளூர்க்காரவுக வரட்டும்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஏட்டம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். முழங்கால், தொடை என்று தண்ணீர் ஏறியது. நடுவில் ஒருதரம் தடுமாறினார். அக்கரை போய் நின்று, ஒரு காலில் ஷூ இல்லாமல், எங்களைப் பார்த்துக் கையை வீசினார்.

"வலப்பக்கமாவே வாங்க. இங்கிட்டு இடதுல அரிச்சுக் கெடக்கு."

இடதில் அரித்துக் கிடப்பதை அவர் காலை விட்டுத்தான் கண்டுபிடித்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அபி அவரைப் பார்த்த பார்வையில் ஒரு மினுக்கம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

கணவர் இறந்து பல வருஷமாகிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவராக அதைப்பற்றிப் பேசியது ஒரே ஒருமுறை. கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது செகரட்டரி, "ஏட்டம்மாவ யாரும் முந்த முடியாது" என்று வேடிக்கையாகச் சொன்னார். "எங்க வீட்டுக்காரரு முந்திக்கிட்டாரே" என்றார் ஏட்டம்மா. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இனி அந்த வெட்டுமிஷின் கதைக்கு வருகிறேன். நான் இன்னும் குக்கரில் ஆவி சீறினால் முகத்தை மூடிக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

பித்தளைக் கேஸ் ஒவ்வொரு தடவை சுடும்போதும் கழுத்துப் பக்கம் கொஞ்சம் நீளும். கண்ணுக்குத் தெரியாது. நீண்டதை வெட்டாமல் மறுபடி நிரப்பினால், கழுத்து துப்பாக்கிக்குள் போய் இறுகிக்கொண்டு குண்டை விடாமல் பிடிக்கும். போக வழியில்லாத வாயு, சுடுகிறவர் முகத்தைப் பார்த்துத் திரும்பும். அதனால் நிரப்புமுன் கழுத்தை அளவாக வெட்ட வேண்டும். அதற்கென்று டிரிம்மர் என்று ஒரு கருவி. கிளப்பில் இருந்த பழைய டிரிம்மரின் பல் மழுங்கிப்போனது. புதிது வாங்கும்வரை நிரப்புவது நின்றது.

சென்னையிலிருந்து ஒரு வியாபாரி மூன்று வகை அனுப்பிவைத்தார், பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பி அனுப்பலாம் என்று. ஏட்டம்மா மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்று வெறும் இரும்பு அச்சு. அதற்குள் கேஸை இறக்கி, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை அரத்தால் ராவ வேண்டும். இரண்டாவது, எங்கள் ஆசிரியர் அறை மேஜையில் திருகி வைத்திருக்கும் பென்சில் சீவும் மிஷினுக்கு அண்ணன் மாதிரி. கேஸின் அடியைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றினால் மேல்முனை வெட்டுப்படும். மூன்றாவதை மின்சார டிரில்லில் மாட்டலாம். கேஸை உள்ளே தள்ளினால், கழுத்துக்குக் கீழே அகலும் அதன் தோள்பட்டை போய் முட்டும் இடத்தில் நின்று, ஒரு நொடியில் வெட்டிவிடும்.

செகரட்டரிக்கு டிரில் மிஷின்தான் பிடித்தது. அபிக்கும். மாநில அணிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, அவளுக்கு வேகமாகத் தோட்டா வேண்டும். ஏட்டம்மா எதற்கும் தலையாட்டவில்லை. அரம் பிடிக்கிறதைப் பற்றி, கை கடுத்துப்போனால் மனசு போதும் என்று சொல்லிவிடும் என்றார். கைமிஷினையும் டிரில் மிஷினையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார்.

"இது காலப் புடிச்சு அளக்குது. அது தோளப் புடிச்சு அளக்குது. காலப் புடிச்சு அளந்தா ஆளு ஒசரம் தெரியும் டீச்சர். தோளப் புடிச்சு அளந்தா கழுத்து ஒசரந்தானே தெரியும்?"

"அப்ப கைமிஷினே வாங்கிருங்களேன், ஏட்டம்மா" என்றார் செகரட்டரி.

"சுட்டுப் பாக்காம எப்புடிண்ணே சொல்றது?"

அதுதான் அவர். தலையால் தெரிந்துகொண்டதை அவர் தெரிந்துகொண்டதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். மூன்றிலும் பத்துப் பத்து வெட்டி, நிரப்பி, மூன்று பத்தையும் தானே சுட்டுப் பார்த்த பிறகுதான் எது என்று சொல்வாராம். ஆனால் அது நடக்கிற வழியாகத் தெரியவில்லை. ஐப்பசி கார்த்திகை முழுக்க மழை. பிறகு செகரட்டரி வீட்டில் ஒரு காரியம். பிறகு தேர்தலை அறிவித்துவிட்டார்கள். துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்காமல் இருக்க விலக்கு வாங்கி வரும்வரை குவாரி ரேஞ்ச் பூட்டிக் கிடந்தது.

எனக்கு அந்த நாட்களைப்போல நிம்மதியான நாட்கள் சமீபத்தில் கிடையாது. மிஷின் முடிவாகவில்லை என்றால் தோட்டா இல்லை. தோட்டா இல்லை என்றால் என் மகள் அந்தக் கோட்டில் படுக்க மாட்டாள். ரேஞ்ச் திறந்திருந்த ஞாயிறுகளில் அவள் வெறும் துப்பாக்கியைப் பிடித்துப் படுத்துப் பழகிக்கொண்டிருக்க, நான் ஏட்டம்மாவுக்குக் கைமுறுக்கு கொண்டுபோய்க் கொடுத்து, அவசரமே இல்லை, நிதானமாகப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீடு திரும்பும்போது ஸ்கூட்டியின் பின்னாலிருந்து அபி சொன்னாள்.

"அம்மா, நீ எதுக்கு அவங்களுக்கு முறுக்கு சுத்துறேன்னு எனக்குத் தெரியும்."

பொங்கல் கழிந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை ஆரம்பித்தது. அரத்தால் ராவியது நன்றாகவே சுட்டது. அடுத்து டிரில்லில் வெட்டியது. ரைஃபிளைப் பழைய டயரில் கட்டி, விசையில் மாட்டிய கயிற்றைத் தள்ளி நின்று இழுத்து முதலில் இரண்டு சுட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. மீதியையும் அப்படியே கயிற்றால் இழுத்துவிடலாமே என்று நான் கேட்டேன். எத்தனையோ தடவை கேட்டதுதான்.

"கயித்துக்கு என்னா தெரியும் டீச்சர்? போல்ட்டு எளகுதா எறுகுதான்னு கைதானே சொல்லணும்" என்றபடி படுத்தார்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. பாதுகாப்புக் கண்ணாடிக்குள் வியர்வை படிந்து மங்கியது. அவர் அதைக் கழற்றிப் பாயில் வைத்தார். அருகில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்த அபி, கண்ணாடியைப் போடச் சொன்னாள்.

"இருக்கட்டும் ஆத்தா. நாந்தானே."

மூன்றாவதா நாலாவதா என்று எனக்கு நினைவில்லை. அந்தச் சத்தம் மற்றதைவிடப் பெரிதாக இல்லை. குட்டையாக இருந்தது, யாரோ வாயைப் பொத்தியது மாதிரி. போல்ட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு புகை சீறியது. ஏட்டம்மா தானாகவே எழுந்து உட்கார்ந்தார். ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் ரத்தம் இறங்கியது. அவர் முதலில் சொன்னது, "அந்தத் தோட்டா டப்பாவ யாரும் தொடாதீங்க" என்பதுதான். நான் ஓடிப்போய் அபியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு ஏட்டம்மாவைத் தாங்கிக்கொண்டாள்.

புதுக்கோட்டையில் முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்பினார்கள். வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

மீதி இருந்தவற்றைப் பிரித்து அளந்தபோது விஷயம் விளங்கியது. கிளப்பில் இரண்டு ரைஃபிள்கள். ஒன்று பழையது, உள்ளே கொஞ்சம் தளர்ந்தது. அதில் சுட்ட கேஸுக்குத் தோள்பட்டை சற்று உயரமாக நிற்கும். இரண்டிலிருந்தும் விழுந்த கேஸ்கள் ஒரே வாளியில் கலந்து கிடந்தன. தோளைப் பிடித்து அளக்கிற மிஷின், தோள் உயர்ந்திருந்தவற்றை வெட்டிய பிறகும் நீளமாகவே விட்டுவிட்டது. அவர் வாயாலேயே சொன்ன குறைதான். அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஏட்டம்மா அளந்தது டப்பாவில் மேலாக இருந்த மூன்றை மட்டும்.

இதை அபிதான் என்னிடம் சொன்னாள், மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில், அழுதுகொண்டே. "எனக்குன்னா அத்தனையையும் அளப்பாங்கம்மா. மறுபடி மறுபடி அளப்பாங்க. அவங்களுக்குன்னா மேலாப்புல மூணு."

அன்றுவரை நான் அந்தக் குணத்தைத் தியாகம் என்று நினைத்திருந்தேன். அந்த வராந்தாவில்தான் வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. முன்னால் போகிறவர்கள் எல்லாம் வழி பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் தங்கள்மேல் அக்கறை இல்லாமலும் போகிறார்கள். என் மகள் அவரிடம் எதைப் பார்த்து வளர்கிறாள் என்பதுதான் வழியெல்லாம் யோசனை. வீட்டுக்கு வந்ததும் இனி ரேஞ்சுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அபி சண்டை போடவில்லை. ஏட்டம்மா வரட்டும் என்றாள்.

அவர் வந்தார். மாசி மாத வெயிலில், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. முகத்தில் அங்கங்கே புள்ளி புள்ளியாகத் தழும்பு. காபி கொண்டுவந்து வைத்தேன். பழக்கதோஷத்தில் தன் டம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, குடிக்கலாம் என்பதுபோலத் தலையை அசைத்தார். நான் என் டம்ளரை எடுத்தேன்.

இத்தோடு விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணினேன். அவரோ கைமிஷினை வைத்துக்கொண்டோம், மற்ற இரண்டையும் திருப்பி அனுப்பியாகிவிட்டது என்று ஆரம்பித்தார். இரண்டு ரைஃபிளின் கேஸ்களையும் தனித்தனி டப்பாவில் பிரித்துவிட்டாராம். ஒற்றைக் கண்ணோடு, ஒவ்வொன்றாகச் சுற்றி, ஒன்று விடாமல் அளந்தாராம். வரும் ஞாயிறு சுட்டுப் பார்க்கலாமாம்.

"இன்னுமா ஏட்டம்மா? பட்டது போதாதா?"

"ஒங்க பொண்ணு சுடணும்னு நான் சொல்லல டீச்சர். அது ஒங்க வீட்டு விசயம். சுட்டா, இதுல சுடட்டும்னுதான் சொல்ல வந்தேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதற்காக எல்லாவற்றிலும் முந்திக்கொண்டு போய் விழுகிறீர்கள், யார் கேட்டது உங்களை என்று சத்தம் போட்டேன். அவர் சத்தம் போடவில்லை. டம்ளரின் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி நிக்கிறதுதான் டீச்சர் கஷ்டம். முன்னாடி போறவளுக்கு ஒண்ணுமில்ல, பட்டா பட்டது. பின்னாடி நிக்கிறவ பாத்துக்கிட்டே நிக்கணும். எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நின்னு பாத்தேன். அதோட சரி. எனக்கு அந்தத் தெம்பு இல்ல." பிறகு என்னை நேராகப் பார்த்து, "நீங்க நிக்கிறீங்களே, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. நான் அதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அபியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். சோதனையைப் பார்க்க மட்டும்தான், சுடுவது பற்றி அப்புறம் பேசலாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

குவாரியில் நாங்கள் நாலு பேர்தான். செகரட்டரிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மேற்பார்வைக்கு வந்திருந்தார். டயரில் கட்டி, கயிற்றால் இழுத்தார்கள். சரியாக இருந்தது. கேஸை எடுத்து அளந்தார்கள். அதுவும் சரி. ஏட்டம்மா ரைஃபிளை அவிழ்த்து எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனார். அபியிடம் கொடுத்து விளக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பாயில் படுத்தார். கட்டையை இடது தோளில் பொருத்தி, இடது கன்னத்தைச் சாய்த்தார்.

மிச்சம் இருப்பது அந்தக் கண் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஏட்டம்மா, வேணாம்" என்றார் செகரட்டரி.

நான் ஓடிப்போய், நான் சுடுகிறேன், எப்படி என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் தலையைத் தூக்கிச் சிரித்தார். "போல்ட்டு எளகுதா எறுகுதான்னு ஒங்களுக்குச் சொல்லத் தெரியுமா டீச்சர்? போங்க அங்கிட்டு."

அபி பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க எந்திரிங்க."

"சும்மா இரு ஆத்தா."

"எந்திரிங்க ஏட்டம்மா. எனக்குத் தெரியும். நான் பாக்குறேன்."

ஏட்டம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஒங்கம்மா சொல்லட்டும்" என்றார்.

என் பயத்தின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும், அபிக்கும் தெரியும். என்னை நம்பித்தான் அவர் மறுபடி கன்னத்தைக் கட்டையில் சாய்த்தார். கைமிஷினில் வெட்டியது, ஒவ்வொன்றும் அளந்தது, டயரில் சுட்டுப் பார்த்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் அவருக்கும் பொருந்தும், அபிக்கும் பொருந்தும். அபிக்கு இரண்டு கண்.

"அபி சுடட்டும்" என்றேன்.

செகரட்டரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அபி ஏற்கெனவே முழங்காலிட்டு, ஏட்டம்மாவின் கைக்கு அடியிலிருந்து ரைஃபிளை மெல்ல உருவிக்கொண்டிருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியை நானே அவளுக்கு மாட்டி, பின்னால் பட்டையை இழுத்துக் கட்டினேன். கட்டும்போது முடி சிக்கி அவளுக்கு வலித்திருக்க வேண்டும். தலையை அசைக்காமல் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஏட்டம்மா எழுந்தவர், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு அபியின் வலப்பக்கம், போல்ட்டுக்கு நேராக, முகத்தை நீட்டிக் குந்தி உட்கார்ந்தார். அன்று வாயு சீறிய பக்கம் அது. செகரட்டரி கோட்டுக்குப் பின்னால் வரச்சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் அசையவில்லை. நான் போய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அவ்வளவு கனமான உடம்பு, பிடித்ததும் எழுந்து வந்துவிட்டது.

"பின்னாடி வாங்க" என்று வேப்பமரம்வரை அழைத்துவந்து, நான் வழக்கமாக உட்காருகிற இடத்தில் நிறுத்தினேன். என் முழங்கையைப் பற்றிக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். இருந்த ஒரு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டது. நீளமான, முழுச் சத்தம். பாறையில் மோதித் திரும்பி வந்தது.

"டீச்சர், என்னாச்சு? சொல்லுங்க டீச்சர்."

அபி கையைத் தூக்கிப் போல்ட்டைப் பின்னால் இழுத்தாள். கேஸ் பாயில் விழுந்தது. திரும்பாமலேயே, போல்ட் லேசாக வருகிறது என்று குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

"இப்ப என்னா பண்றா?"

"அடுத்தது போடுறா."

பிடி இன்னும் இறுகியது. பத்தும் முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. நான் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன்.